வாட்ச் ஸ்ட்ராப் அறுந்துபோச்சு: 2,400 குடுக்கவா, 250 போதுமா?

பாம்பன் ஓட்டக்காரன்
காலையில தங்கச்சிமடம் ரோட்டுல ஓடிக்கிட்டிருந்தேன். கையில இருந்து வாட்ச் கழண்டு தார் ரோட்டுல விழுந்து உருண்டுருச்சு. பின்னாடி வந்த மீன் வண்டிக்காரர் பிரேக் அடிச்சதால தப்பிச்சது. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலை, ஓரத்துல ஒரு கீறல் மட்டும். ஸ்ட்ராப்தான் போச்சு. வாங்கி ரெண்டு வருசம் ரெண்டு மாசம். வாரண்டி முடிஞ்ச கையோட இது. ஜிபிஎஸ், இதயத்துடிப்பு எல்லாம் பாக்குற ஸ்போர்ட்ஸ் வாட்ச். கம்பெனி ஸ்ட்ராப் 2,400 ரூபாயாம். ஆன்லைன்ல அதே மாதிரி 250க்குக் கிடக்கு. அடுத்த மாசம் மதுரையில 21 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கு. எதை வாங்குறது? இல்ல ஒட்டிரலாமா?

வடகடல்
2,400ஆ? அந்தக் காசுக்கு என் வத்தைப் படகுக்கு 25 லிட்டர் டீசல் போட்டுருவேன் தம்பி. நைலான் பட்டை ஒண்ணு 150 ரூபாய்க்கு வரும். ஸ்ட்ராப்பை வாட்சோட பிடிச்சு வைக்கிற ரெண்டு பின்னுக்கும் அடியில நுழைச்சு இழுத்துக் கட்டிக்க. ஒரு பின்னு போனாலும் இன்னொண்ணுல வாட்ச் தொங்கும், கடல்ல விழாது. பிரிட்டன் ராணுவம் 1973லயே இதுக்கு அளவெல்லாம் எழுதி வச்சுருச்சு. நேட்டோ ஸ்ட்ராப்னு விக்கிறது அந்த வகைதான். நான் நாலு வருசமா அதைத்தான் கட்டுறேன்.

தொண்டி டீச்சர்
அண்ணே, உங்க வாட்ச்ல முள்ளு ஓடும். தம்பி வாட்ச்ல முதுகுப் பக்கம் பச்சை லைட் எரியும். அந்த லைட் தோல்ல பட்டுத் திரும்பி வர்றதை வச்சுத்தான் துடிப்பை எண்ணுது. நீங்க சொல்ற பட்டை வாட்சுக்கு அடியில போகும். லைட்டை மூடிட்டா எங்கிட்டு எண்ணும்? ஒவ்வொரு தடவை சார்ஜ் போடவும் பட்டையை உருவணும்.

வடகடல்
துடிப்பு தெரியணும்னா கழுத்துல ரெண்டு விரலை வச்சுப் பாக்கச் சொல்லுங்க டீச்சர். எங்க அப்பா அப்படித்தான் பாத்தாரு.

தொண்டி டீச்சர்
ஓடிக்கிட்டே பாப்பாரா உங்க அப்பா?

தம்பி, என் அனுபவத்தைச் சொல்றேன். நானும் 250 ரூபாய் ஸ்ட்ராப் வாங்குனவதான். மூணாவது வாரம் பக்கிள் மேல இருந்த கறுப்புப் பூச்சு உரிஞ்சு செம்பு நிறம் தெரிஞ்சது. அடுத்து மணிக்கட்டுல வட்டமா அரிப்பு, கொப்புளம். தோல் டாக்டருக்குக் குடுத்த காசும் மருந்துக் காசும் சேத்தா ஒரிஜினலே வாங்கியிருக்கலாம். துளைக்குத் துளை இடைவெளியும் அதுல அதிகம். ஒண்ணுல மாட்டினா கை நெரியும், அடுத்ததுல வாட்ச் ஆடும். ஆடுனா அந்த சென்சார் தப்பாத்தான் காட்டும். மெதுவா நடக்கும்போதே எனக்கு 170 காட்டுச்சு. என் கிட்ட விளையாட்டுப் பழகுற பிள்ளைங்களுக்கும் ஒரிஜினல் வாங்குங்கன்னுதான் சொல்வேன்.

கீழக்கரை காக்கா
டீச்சரம்மா, ஒரிஜினல்னா தங்கத்துல செஞ்சதா? கம்பெனி போடுறதும் ரெசின், இல்லாட்டி சிலிக்கோன்தான். ரெசின்னு சொல்றது பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக். அதுக்கு எமன் ஈரமும் சூடும். தண்ணி உள்ள போய்ப் போய் அதோட மூலக்கூறுச் சங்கிலியையே அறுத்துரும், வருசக்கணக்குல மெல்ல மெல்ல. கடைசியில பிசுபிசுன்னு ஒட்டும், இல்லாட்டி மொறமொறன்னு உடையும். வாப்பாவோட பழைய டிஜிட்டல் வாட்ச் பெட்டிக்குள்ளயே கெடந்து ஸ்ட்ராப் தூள் தூளா உதிர்ந்துச்சு. வாட்ச் மட்டும் இன்னும் மணி காட்டுது.

சிலிக்கோன் அப்படி உதிராது. வெயில், வேர்வை தாங்கும். ஆனா ஒரு சின்னக் கீறல் விழுந்தா அங்கேருந்து சர்ருனு கிழியும். துளை ஓரத்துல கிழியிறது பூராம் அப்படித்தான். நான் துபாய்ல இருந்தப்ப கட்டுனது எஃப்கேஎம், அதாவது ஃப்ளோரின் சேத்த ரப்பர். வெயில், எண்ணெய், உப்பு எதுக்கும் அசையாது. விலை ஆயிரத்துக்கு மேல போகும், ஆனா 2,400 இல்ல. டீச்சரம்மா 2,400 குடுத்து வாங்கச் சொல்றது அதே ரெசின், மேல கம்பெனி பேரு.

இன்னொண்ணு, கொசுவுக்குத் தடவுற மருந்துல டீட்ங்கிற ரசாயனம் இருந்தா பிளாஸ்டிக்கை அது அரிக்கும். சாயங்காலம் ஓடுறவுக தடவுன கையோட வாட்ச் கட்டாதீங்க.

தொண்டி டீச்சர்
பேருக்குக் காசு குடுக்கச் சொல்லலை காக்கா. அளவு சரியா வரும், அரிச்சா திருப்பிக் குடுக்க ஆள் இருக்கும், அதுக்குத்தான்.

பாம்பன் ஓட்டக்காரன்
திருப்பிக் குடுக்குற கதையைக் கேக்காதீங்க டீச்சர். சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணேன். வாட்சைக் கூரியர்ல அனுப்பு, 15 நாள் ஆகும்னாங்க. ஸ்ட்ராப் மட்டும் தரமாட்டாங்களாம். அண்ணன் வீட்டுல தங்கூசி, அதான் மீன் பிடிக்கிற நைலான் நரம்பு இருக்கு, அதை வச்சுத் தைச்சுப் பாக்கட்டுமா? படம் போட்டிருக்கேன்.

பழைய வாட்ச் கடை
முப்பது வருசம் வாட்ச் கடை வச்சிருந்தவன். இப்போ கண்ணு சரியில்ல, பையன் போன்ல படத்தைப் பெரிசாக்கிக் காட்டுனான்.

தங்கூசியை வச்சுத் தைக்காதப்பா. வேகவச்ச முட்டையை நூலால அறுத்த மாதிரி ரெசினை அறுத்துட்டு வெளியே வந்துரும். சூப்பர் பசையும் வேணாம். காஞ்சதும் கண்ணாடி மாதிரி விறைக்கும், கையை மடக்குனா டப்புனு விட்டுரும்.

எல்லாரும் ஸ்ட்ராப்பைப் பத்தியே பேசுறீக. படத்தைப் பாத்தீகளா? ஸ்ட்ராப்போட காது, பின்னு நுழையிற அந்த ஓரம், கொஞ்சம் வெடிச்சிருக்கு, ஆனா அறுகலை. ஸ்ட்ராப் மாட்ட வாட்சுல நீட்டிக்கிட்டிருக்குற கொம்புல துளை இருக்குல்ல, அதுக்குள்ள பழுப்பா ஒரு துணுக்கு நிக்குது. அது பின்னோட மொனை. உன் ஸ்ட்ராப் அறுந்ததா நினைக்கிற. ஒடைஞ்சது பின்னு.

வடகடல்
அட, ஆமா!

கீழக்கரை காக்கா
சரியாச் சொன்னீங்க மாமு. நான் ரப்பரைப் பத்திப் பேசிட்டு இரும்பை விட்டுட்டேன்.

தொண்டி டீச்சர்
அப்போ மலிவான பின்னு போட்டதால வந்த வினைதானே? நான் சொன்னதுக்கும் அதுதான் அர்த்தம்.

பழைய வாட்ச் கடை
இல்லம்மா. இது கம்பெனி போட்டுக் குடுத்த பின்னுதான். தம்பி இன்னும் எதையும் மாத்தவே இல்லையே.

அந்தப் பின்னு ஒரு சின்னக் குழாய். உள்ள ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் மொனை. மொனை போய் உக்காருற துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர்வையும் உப்புத் தண்ணியும் அதுக்குள்ள போனா வெளியே வர வழியில்லை. மேல காத்துப் படுற இடத்துல பின்னோட எவர்சில்வர் தன் மேல ஒரு மெல்லிசு படலம் போட்டுக் காப்பாத்திக்கிரும். அந்தப் பொந்துக்குள்ள காத்து இல்ல, உப்பு மட்டும் இருக்கு. படலம் ஒடைஞ்சு புள்ளி புள்ளியா அரிக்கும். வெளியே பாத்தா பளபளன்னு இருக்கும், உள்ள மொனை ஊசி மாதிரி தேஞ்சிருக்கும்.

நம்ம ஊர்க் காத்து வேற ரகம். உப்புக்காத்துல இரும்பு எப்படித் துருப்பிடிக்குதுன்னு பாக்கவே காரைக்குடி சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காரங்க மண்டபத்துல ஒரு இடம் வச்சிருக்காங்க. 1914ல தொறந்த பாம்பன் பாலத்துக்கு வருசம் பூரா பெயிண்ட் அடிச்ச கதை உனக்கே தெரியும். 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல கான்கிரீட்டுக்குள்ள போற கம்பியே துருப்பிடிக்காத எஃகு. பாலத்துக்கே அந்தக் கவனிப்பு. உன் பின்னை ஒருநாளாவது நல்ல தண்ணியில கழுவுனியா?

பாம்பன் ஓட்டக்காரன்
இல்ல ஐயா. ஓடி முடிச்சு அப்படியே ஆண்கடல், அதான் மன்னார் வளைகுடா பக்கம் இறங்கிக் குளிப்பேன். வாட்ச் தண்ணி தாங்கும், 50 மீட்டர்னு போட்டிருக்கே.

பழைய வாட்ச் கடை
அது உள்ள தண்ணி போகாதுங்கிறதுக்கு. பின்னுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. முக்குளிக்கிற வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425னு ஒரு தரம் உண்டு, அதுல ஸ்ட்ராப் மாட்டுற இடத்தை 200 நியூட்டன், அதாவது 20 கிலோ தொங்கவிட்ட மாதிரி இழுத்துப் பாப்பாங்க. ஓட்டக்காரங்க வாட்சுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இப்போ செய்ய வேண்டியது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நல்ல தண்ணியில அந்தக் கொம்பு நனையிற மாதிரி அரைமணி நேரம் வை. உப்பு கரையும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கிட்டயே கொண்டு போகாத, தண்ணி உள்ள போகாம தடுக்குற ரப்பர் வளையம் ஊதிரும். அப்புறம் தையல் ஊசியால துணுக்கைப் பையக் குத்தி அசைச்சு எடு. ரெண்டு கொம்புக்கும் உள்பக்க இடைவெளியை ஸ்கூல் ஸ்கேல்ல அள. பெரும்பாலும் 20 மிமீ, 22 மிமீ ரெண்டுல ஒண்ணு வரும். சில வாட்சுல கொம்பு வேற மாதிரி வெட்டியிருக்கும், திருகாணி இருக்கும்; அப்படின்னா கம்பெனி ஸ்ட்ராப்தான், வேற வழியில்ல. டீச்சர் சொல்றது அங்க செல்லும்.

சாதாக் கொம்புன்னா 316எல்ங்கிற வகை எவர்சில்வர் பின்னு கேட்டு வாங்கு. அதுல மாலிப்டினம் சேந்திருக்கும், உப்புக்கு அதுதான் மருந்து. தடிமன் 1.8 மிமீ கிடைச்சா நல்லது, ஸ்ட்ராப் காதுல நுழையுதான்னு பாத்துக்க. மாட்டும்போது துண்டை விரிச்சு, பெரிய பாலிதீன் பைக்குள்ள ரெண்டு கையையும் விட்டு மாட்டு. சிரிக்காத. நான் தொழில் கத்துக்கிட்ட வருசம் தெறிச்சுப் போன பின்னைத் தேடியே பாதி நாள் போச்சு. ஒரு மொனையைத் துளையில வச்சுட்டு அடுத்ததை அமுக்கித் தள்ளு. 'டிக்'னு சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா உக்காரலை, இழுத்துப் பாத்துட்டுக் கட்டு.

வடகடல்
நான் சொன்ன நைலான்ல இந்த ரோதனையே இல்ல. ஒரு பின்னு போனாலும் தொங்கும்.

கீழக்கரை காக்கா
தொங்கும் வடகடல், ஆனா நாறும். நைலான் தண்ணியைக் குடிச்சுக்கிரும், நம்ம ஊர் ஈரக்காத்துல பொழுது சாயுறவரைக்கும் காயாது. ஒட்டுப்பட்டை வச்ச நைலான் வாங்குனா தனுஷ்கோடி மணல் பூந்து பத்து நாள்ல பிடி விட்டுரும். நானே அனுபவிச்சேன்.

வடகடல்
நாத்தத்துக்குப் பயந்தவன் கடலுக்குப் போக முடியுமா?

பாம்பன் ஓட்டக்காரன்
நாலு நாள் கழிச்சு வர்றேன். 22 மிமீ, சாதாக் கொம்பு. துணுக்கு ரெண்டாவது தடவை ஊறவச்சதும் வந்துச்சு. அரிசியில பாதி இல்ல, மொனை மழுங்கிப் போயிருந்துச்சு. ராம்நாட்டுல ஒரு கடையில பின்னு ஜோடி 60 ரூபாய். 316தானான்னு கேட்டேன், "நல்ல பின்னு தம்பி"ன்னார். ஸ்ட்ராப் ரெண்டு துண்டு வர்ற சிலிக்கோன், 450. எஃப்கேஎம் அங்க இல்ல காக்கா. பாலிதீன் பைக்குள்ளயும் ஒரு பின்னு தெறிச்சது, ஆனா பைக்குள்ளயே கிடந்துச்சு. இன்னைக்கு எட்டு கிலோமீட்டர் ஓடுனேன், ஆடலை. வந்ததும் குழாயில காட்டிக் கழுவிட்டேன்.

தொண்டி டீச்சர்
நல்லது. ஆனா மூணு வாரம் போகட்டும், அரிக்குதான்னு சொல்லுங்க. மதுரை ஓட்டத்துக்கு முன்னாடி ஒருவாட்டி இழுத்தும் பாத்துருங்க.

வடகடல்
தம்பி, அந்தப் பழைய ஸ்ட்ராப்பைத் தூக்கிப் போட்டுறாத. பக்கிள் இருக்குற பாதி, துளை இருக்குற பாதி ரெண்டையும் எனக்குக் குடு. வத்தையில ராத்திரிக்கு டார்ச்சை கழியில கட்டத் தோதா இருக்கும்.