பல குரல் உரையாடலை நேரத்துக்குள் பொருத்துவது எப்படி?

நண்பர்களே, எழுத்தில் உள்ள ஓர் உரையாடலை மூன்று கணினிக் குரல்களில் ஒலியாக்கி, எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்பின் நேரக்குறிகளோடு பொருத்த வேண்டும். வசனத்துக்கு ஒரு வேவ் ஒலிக்கோப்பாக எடுத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, வீடியோ கருவியைக் கொண்டு அதனதன் இடத்தில் வைக்கிறேன். அதுவரை சரி. ஆனால் 3 நொடி இடத்துக்கு 4 நொடிப் பேச்சு வந்துவிடுகிறது. எஃப்எஃப்எம்பெக்கில் வேகத்தை மாற்றும் அடெம்போவில் 1.33 மடங்கு வேகப்படுத்தினால் சுருதி மாறுவதில்லை, ஆனால் மூச்சு விடாமல் ஒப்பிப்பதுபோல் கேட்கிறது. எஸ்எஸ்எம்எல்லில் (கணினிக் குரல் எப்படிப் பேச வேண்டும் என்று குறிக்கும் மொழி) இடைவெளி சேர்க்கலாம். ஆனால் ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கிட அதில் இடமில்லை. (ஆளுக்கொரு டிராக் வைப்பதுதான் வழியோ?)

ஒலியாக்கும் முன்பே வசனத்தின் நீளத்தைக் கணித்துச் சொல்லும், அல்லது இத்தனை நொடிக்குள் பேசு என்றால் அதன்படி பேசும் திறமூலக் கருவி ஏதும் உண்டா? தமிழில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. அப்புறம், வசனத்தைச் சுருக்கச் சொல்லாதீர்கள், அது என் கையில் இல்லை.