மோட் 13எச்: கோடு இடது ஓரத்திலேயே நிற்கிறது, கட்டம் மினுக்குகிறது

கேள்வி

அசெம்ப்ளியில் 2டி கிராஃபிக்ஸ் பழகிக்கொண்டிருக்கிறேன். டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் கணினிபோல் நடிக்கும் மென்பொருள்), நாஸ்ம் (அசெம்ப்ளர்), காம் ஃபைல் (ஒரே 64 கேபி செக்மென்டில் அடங்கும் டாஸ் புரோகிராம்), மோட் 13எச் (320×200 புள்ளி, புள்ளிக்கு ஒரு பைட் உள்ள விஜிஏ திரை). திரையை மாற்றி ஒரு புள்ளி வைப்பது வரை சரி. அதற்கு மேல் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன். (கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்று: 0,0 முதல் 150,150 வரை மூலைவிட்டக் கோடு. எக்ஸ், ஒய் இரண்டும் மெமரியில் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டையும் ஒன்று கூட்டுகிறேன். புள்ளி வைக்க ஒய்யை ஏஎக்ஸ் ரிஜிஸ்டரிலும் எக்ஸை டிஎக்ஸிலும் எடுத்து, பிஎக்ஸில் 320 வைத்து மல் பிஎக்ஸ் (பெருக்கல்), பிறகு ஏஎக்ஸுடன் டிஎக்ஸைக் கூட்டி, புள்ளியின் முகவரியாக டிஐக்கு மாற்றுகிறேன். திரையில் வருவதோ இடது ஓரத்தில் செங்குத்துக் கோடு.

இரண்டு: 16×16 கட்டத்தை வலப்பக்கம் நகர்த்துகிறேன். பழைய இடத்தைக் கறுப்பால் அழித்துப் புதிய இடத்தில் வரைகிறேன். மினுக்குகிறது, சில நேரம் குறுக்கே வெட்டுப்பட்டதுபோல் தெரிகிறது.

மூன்று: பாலெட்டில் (நிறப் பட்டியலில்) 255,0,0 கொடுத்தால் பளிச்சென்ற சிவப்பு. 128,0,0 கொடுத்தால் அரைச்சிவப்பு வர வேண்டாமா? சுத்தக் கறுப்பு!

பதில் 1

முதலாவதற்குக் காரணம் மல். 16 பிட் மல்லின் விடை 32 பிட். கீழ்ப்பாதி ஏஎக்ஸிலும் மேல்பாதி டிஎக்ஸிலும் போய் உட்காரும். உங்கள் எக்ஸ் இருந்தது டிஎக்ஸில். ஒய் அதிகபட்சம் 199; 199×320 = 63680, அது 16 பிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே டிஎக்ஸில் எப்போதும் 0 வந்து விழுகிறது. எக்ஸ் என்றைக்கும் 0 என்றால் கோடு இடது ஓரத்தை விட்டு எங்கே போகும்?

எக்ஸை எஸ்ஐ என்ற வேறு ரிஜிஸ்டரில் வையுங்கள், அல்லது மூன்று ஆபரண்ட் (கட்டளைக்குக் கொடுக்கும் மதிப்பு) உள்ள ஐமல் என்ற பெருக்கல் போடுங்கள்: ஐமல் ஏஎக்ஸ், ஏஎக்ஸ், 320. அது டிஎக்ஸைத் தொடாது. பழைய பாடங்களில் ஒய்யை 8 பிட் ஷிஃப்ட் செய்ததையும் 6 பிட் ஷிஃப்ட் செய்ததையும் கூட்டச் சொல்வார்கள் (256 + 64 = 320). 8086 செயலியில் ஒரு மல் நூறு சைக்கிளுக்கு (கடிகாரத் துடிப்புக்கு) மேல் தின்றது, அதனால் அங்கே அது லாபம். டாஸ்பாக்ஸோ எந்தக் கட்டளையையும் ஏறத்தாழ ஒரு சைக்கிளாகத்தான் எண்ணுகிறது, அங்கே ஷிஃப்ட் வித்தையால் நஷ்டமே.

இன்னொன்று: கோட்டுக்குப் பெருக்கலே வேண்டாம். தொடக்கப் புள்ளியின் முகவரியை ஒருமுறை கணக்கிடுங்கள். வலப்பக்கம் ஒரு புள்ளி என்றால் டிஐயுடன் 1, கீழே ஒரு வரி என்றால் 320, மூலைவிட்டம் என்றால் 321. பிரெசன்ஹாம் கோட்டு முறையும் இதோடு அழகாகப் பொருந்தும். உண்மைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்ற பிழைத்தொகையைப் பார்த்து 1 கூட்டுவதா 321 கூட்டுவதா என்று முடிவெடுத்தால் போதும். எக்ஸ், ஒய் என்று யோசிப்பதைக் குறைத்து முகவரியாக யோசிக்கப் பழகுங்கள். இந்த மோடில் பாதி வேலை அதுதான்.

மூன்றாவது சின்ன விஷயம். விஜிஏ பாலெட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 6 பிட், 0 முதல் 63 வரை. மேலே உள்ள இரண்டு பிட்டையும் கண்டுகொள்ளாது. 255இன் கீழ் 6 பிட் 63, அதனால் பளிச். 128இன் கீழ் 6 பிட் 0, அதனால் கறுப்பு. 3சி8 போர்ட்டில் நிற எண்ணை அனுப்பி, 3சி9இல் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக அனுப்புமுன் ஒவ்வொன்றையும் 2 பிட் வலப்பக்கம் ஷிஃப்ட் செய்யுங்கள்.

பதில் 2

மினுக்கல் பற்றி. நீங்கள் அழித்ததற்கும் வரைந்ததற்கும் நடுவே திரை புதுப்பிக்கப்பட்டால், கட்டம் இல்லாத காட்சிதான் கண்ணுக்குப் போகும். வேறொரு மெமரியில் முழுப்படத்தையும் வரைந்துவிட்டு ஒரே மூச்சில் ஏ000 செக்மென்டுக்கு (திரை மெமரிக்கு) நகல் எடுப்பதே தீர்வு.

அந்த 64000 பைட் (320×200) பஃபரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காம் ஃபைலின் உள்ளேயே ஒதுக்கினால், 65536இல் டாஸ் முன்னால் எடுத்துக்கொள்ளும் 256ஐயும் இந்த 64000ஐயும் கழித்து மிஞ்சுவது 1280 பைட். புரோகிராமின் கட்டளைகளும் ஸ்டாக்கும் (ரிட்டர்ன் முகவரிகள் இருக்கும் இடம்) அதற்குள் முடங்க வேண்டும். ஸ்டாக் மேலிருந்து கீழே வளர்ந்து பஃபருக்குள் புகுந்தால், அடுத்த முறை திரையை அழிக்கும்போது ரிட்டர்ன் முகவரியும் சேர்ந்து அழியும், புரோகிராம் உறைந்துவிடும். அதற்குப் பதில் சிஎஸ்ஸுடன் (உங்கள் புரோகிராம் இருக்கும் செக்மென்ட் எண்) 1000எச் கூட்டி வரும் செக்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள். காம் புரோகிராமுக்கு டாஸ் வழக்கமாக மிச்ச மெமரி முழுவதையும் கொடுத்துவிடுவதால் அது காலியாகவே இருக்கும்.

ஒரு ஃபிரேமின் வரிசை: இஎஸ்ஸைப் (எழுதும் இடத்தின் செக்மென்ட்) பஃபருக்குத் திருப்பி, சிஎல்டி (முன்னோக்கி நகரச் சொல்வது) போட்டு, சிஎக்ஸில் 16000 வைத்து ரெப் ஸ்டாஸ்டியால் (4 பைட்டாகத் திரும்பத் திரும்ப எழுதும் கட்டளை) அழிக்கவும். வரையவும். ரீட்ரேஸுக்கு (திரை ஒருமுறை வரைந்து முடித்து மேலே திரும்பும் இடைவெளி) காத்திருக்கவும். பிறகு டிஎஸ் (படிக்கும் இடத்தின் செக்மென்ட்) பஃபருக்கு, இஎஸ் ஏ000க்கு, எஸ்ஐ, டிஐ இரண்டும் 0, சிஎக்ஸ் மறுபடி 16000, ரெப் மூவ்ஸ்டி (4 பைட்டாக நகல் எடுப்பது). முடிந்ததும் டிஎஸ்ஸைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்தால், உங்கள் எக்ஸும் ஒய்யும் பஃபருக்குள்ளிருந்து படிக்கப்படும். கட்டம் எங்கேயோ பறக்கும்.

ரீட்ரேஸுக்கு 3டிஏ போர்ட்டைப் படித்து, 8 மதிப்புள்ள பிட்டைச் சோதிக்க வேண்டும். இரண்டு லூப் அவசியம்: முதலில் அந்த பிட் 1ஆக இருக்கும்வரை சுற்றவும், பிறகு 0ஆக இருக்கும்வரை சுற்றவும். இரண்டாவதை மட்டும் போட்டால் ஒரே ரீட்ரேஸுக்குள் உங்கள் புரோகிராம் இரண்டு மூன்று ஃபிரேம் ஓடிவிடலாம். கட்டத்தின் வேகம் சீராக இருக்காது.

இனி வேகம். இந்த மோட் வினாடிக்கு 70 முறை புதுப்பிக்கிறது. டாஸ்பாக்ஸ் ரியல் மோடில் இயல்பாக மில்லிவினாடிக்கு 3000 சைக்கிள். ஆக ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 42,800. ரெப் கட்டளையின் ஒவ்வொரு சுற்றும் ஒரு சைக்கிள். ஒவ்வொரு பைட்டாக நகல் எடுக்கும் ரெப் மூவ்ஸ்பியால் 64000 பைட்டை நகர்த்தினால் அதற்கே ஒரு ஃபிரேம் போதாது. மூவ்ஸ்டி என்றால் 16000, அழிப்பதற்கு இன்னொரு 16000. வரைய மிஞ்சுவது பத்தாயிரம் சொச்சம். கன்ட்ரோல் எஃப்12 அழுத்தி சைக்கிளை 20000 அளவுக்கு ஏற்றிக்கொண்டு பழகுங்கள்.

கேட்டவர்

மூன்றும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. இப்போது கட்டம் வலது ஓரத்தைத் தாண்டினால் வெட்டுப்படாமல் இடது ஓரத்தில், ஒரு வரி கீழே தள்ளி முளைக்கிறது.

பதில் 2

மெமரிக்கு ஓரம் தெரியாதே. 320ஆவது பைட் என்பது அடுத்த வரியின் முதல் புள்ளி. எக்ஸ் 304ஐத் தாண்டினால் தெரியும் அகலம் = 320 − எக்ஸ். அத்தனை பைட்டை மட்டும் வரைந்து, வரி முடிவில் டிஐயுடன் 320 − தெரியும் அகலம், படத்தைக் காட்டும் எஸ்ஐயுடன் 16 − தெரியும் அகலம் கூட்டுங்கள். இடது ஓரத்தில் எக்ஸ் குறை எண்ணாகும். ஒப்பிடக் குறை எண்ணை மதிக்கும் ஜேஎல், ஜேஜி போடுங்கள். குறை எண் தெரியாத ஜேபி, ஜேஏ போட்டால் −5 என்பது 65531ஆகத் தெரியும், உங்கள் சோதனை தலைகீழாகும்.

பதில் 3

2டி புரோகிராமிங்தான் குறிக்கோள் என்றால் 13எச்சில் ரொம்ப நாள் தங்காதீர்கள் என்பது என் கருத்து. 64 பிட் விண்டோஸ் இந்த காம் ஃபைலை நேரடியாக ஓட்டாது. லினக்ஸில் நாஸ்மோடு எஸ்டிஎல் 2 (கிராஃபிக்ஸ் நூலகம்) சேர்த்துப் பாருங்கள். 64 பிட் ரிஜிஸ்டர்களில் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் ஆர்க்யுமென்ட் கொடுத்து, எஸ்டிஎல் ஃபங்ஷனை அழைக்கும் நொடியில் ஸ்டாக் 16ஆல் வகுபட வேண்டும். மெயினுக்குள் நுழைந்ததும் ரிட்டர்ன் முகவரியின் 8 பைட்டால் அது தவறியிருக்கும். முதல் வரியிலேயே ஆர்எஸ்பியில் (ஸ்டாக்கின் முகவரி உள்ள ரிஜிஸ்டர்) 8 கழியுங்கள். செய்யாவிட்டால் எஸ்டிஎல்லுக்குள் எங்கேயோ செக்மென்டேஷன் ஃபால்ட் வரும், உங்கள் புரோகிராமில் தேடித் தேடி ஓய்ந்துபோவீர்கள்.

பதில் 1

அதற்குப் போனாலும் ஒன்று. அங்கே ஒரு வரியின் நீளத்தை அகலம் × 4 என்று நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள், எஸ்டிஎல் தரும் பிட்ச் எண்ணை (ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பது) எடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் படம் சாய்ந்து இழுபடும். கட்டத்தை வெட்டும் கணக்கு அப்படியேதான், 320 இருந்த இடத்தில் பிட்ச், புள்ளிக்கு 1க்குப் பதில் 4.