பேரிங் (pairing) என்பதற்குப் 'பிணைத்தல்': கம்பியில்லாச் சுட்டி உதவிக்குறிப்பை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

இயங்குதளத்தை மேம்படுத்திய பின் கம்பியில்லாச் சுட்டி (மவுஸ்) வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்ற உதவிக்குறிப்பின் தமிழாக்கத்தைப் படித்தேன். மூலத்தில் 'பேர்' (pair), 'கனெக்ட்' (connect) என இரண்டு வினைகள் வருகின்றன. இரண்டுக்குமே 'இணை' என்றுதான் போட்டிருக்கிறோம். விளைவு: "இணைப்பை நீக்கிவிட்டு மீண்டும் இணைக்கவும். இணைந்த பிறகும் இணைப்பு இல்லையென்றால்…" இதைப் படிப்பவர் எதை நீக்குவார்? சுட்டியை அணைத்துப் போடுவார், இல்லாவிட்டால் கணினியின் யூஎஸ்பி துளையில் இருக்கும் ரிசீவரைப் பிடுங்கிச் செருகுவார். பழுது அப்படியேதான் இருக்கும்.

'இணை' என்றாலே ஜோடிதானே, பேரிங்குக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சொல்லை இணையம், இணைப்பு, இணைந்தது என்று கனெக்ஷனுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். இனித் திரும்ப வாங்க முடியாது.

இரண்டும் வேறு என்பதைப் புளூடூத் விவரக்குறிப்பே தெளிவாகச் சொல்கிறது. சுட்டியும் கணினியும் முதன்முறை சந்திக்கும்போது ஒரு மறைகுறியீட்டுச் சாவியை (தகவலைப் பூட்டித் திறக்கும் இரகசிய எண்ணை) ஏற்படுத்திக்கொள்கின்றன, அது பேரிங். அந்தச் சாவியை இரண்டும் தத்தம் நினைவகத்தில் சேமித்து வைப்பது பாண்டிங் (bonding). அதன்பின் ஓய்ந்திருந்த சுட்டியை ஒவ்வொரு முறை அசைக்கும்போதும் அதே சாவியைக் கொண்டு தொடர்பு ஏற்படுவது கனெக்ஷன். முதல் இரண்டும் ஒருமுறை நடப்பவை. மூன்றாவதோ, நாள் முழுக்க வந்து வந்து போவது.

மேம்படுத்தலுக்குப் பின் வரும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் கணினியின் பக்கம் இருந்த சாவி அழிந்துவிடும். சுட்டியிடம் பழைய சாவி அப்படியே இருக்கும். அது பழைய உறவை நம்பிக் கணினியை அழைக்கும். கணினிக்கோ அதை அடையாளம் தெரியாது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை வேறு வடிவில் வரும். புளூடூத் சில்லு ஒன்றுதான் என்பதால் சுட்டிக்கு இரண்டும் ஒரே கணினி. ஒன்றில் புதிய சாவி உருவானதும் மற்றதில் உள்ள சாவி செல்லாமல் போகிறது. பட்டியலில் சுட்டியின் பெயர் இருக்கும், ஆனால் அம்பு நகராது. இந்த நிலையை 'இணைந்த சாதனம், இணைப்பு இல்லை' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுட்டிகளின் கதை வேறு. அவற்றில் உறவு தொழிற்சாலையிலேயே சுட்டிக்குள்ளும் ரிசீவருக்குள்ளும் பதிந்துவிடுகிறது. இயங்குதளத்துக்கு அதில் பங்கில்லை, மேம்படுத்தல் அதைத் தொடுவதும் இல்லை. அங்கே 'பேரிங்கை நீக்கு' என்ற அறிவுரையே வீண். பார்க்க வேண்டியது மின்சேமிப்பை. விண்டோஸில் சாதன மேலாளரில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்றொரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. மேம்படுத்தலுக்குப் பின் அதில் குறி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸில் மின்சேமிப்புக் கருவி எதுவும் யூஎஸ்பி தன்னுறக்கத்தை (பயன்படாத சாதனத்தைத் தானே உறங்கவைக்கும் வசதியை) சுட்டிக்கும் இயக்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். உறங்கவைக்கும் முன் அது காத்திருக்கும் இயல்பான நேரம் 2 விநாடிதான். சற்று நேரம் கை எடுத்தபின் முதல் அசைவு மட்டும் தொலைந்துபோனால் சந்தேகத்தை அங்கே வைக்கலாம். யூஎஸ்பி 3.0 துறைக்கு (போர்ட்) பக்கத்தில் ரிசீவர் இருந்தால், அந்தத் துறையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுவதும் உண்டு. சிறு நீட்டிப்புக் கம்பியில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் போதும்.

ஆக, பழுதை எங்கே தேடுவது என்பதையே இந்தச் சொல்தான் காட்டப்போகிறது. அதனால் பேரிங்குக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வந்த பரிந்துரைகளில் 'ஜோடி சேர்த்தல்' பேச்சில் நன்றாக இருக்கிறது. ஆனால் சில ரிசீவர்கள் ஆறு சாதனங்கள் வரை ஏற்கின்றன. ஆறு எப்படி ஜோடியாகும்? 'அறிமுகம்' எனக்குப் பிடித்த பரிந்துரை, நடப்பதை அழகாகச் சொல்கிறது. 'அறிமுகமான சாதனங்கள்' என்பது படித்தவுடன் புரியும். ஆனால் பொத்தானில் 'அறிமுகப்படுத்து' என்று எழுத இடம் கிடைக்காது, 'அறிமுகத்தை நீக்கு' என்பதும் தமிழாக ஒலிக்கவில்லை.

என் வாக்கு 'பிணைத்தல்'. சுட்டி பிணைந்தது, சுட்டியைப் பிணைத்தேன் என்று தன்வினையும் பிறவினையும் இயல்பாக வருகின்றன. இடைமுகத் தமிழாக்கத்தில் இது பெரிய வசதி. வேதியியலில் பிணைப்பு என்றால் பாண்ட், எனவே அதைப் பாண்டிங்குக்கு ஒதுக்க வேண்டும் என்ற கருத்தையும் பார்த்தேன். பயனர் திரையில் பாண்டிங் என்ற சொல் அநேகமாக வருவதே இல்லை. நிரலர்களுக்கான ஆவணங்களில் அதை 'நிலைப்பிணைப்பு' என்று பிரித்துக்காட்டலாம்.

பிணை என்றால் ஜாமீன் அல்லவா என்ற மறுப்புக்கு என் பதில்: வெறும் 'பிணை' என்று பொத்தானில் எழுத வேண்டாம், 'பிணைக்க' என்று எழுதுவோம். 'பிணைப்பு' என்ற வடிவத்தை யாரும் ஜாமீனாகப் படிக்க மாட்டார்கள்.

வலுவான மறுப்பு வேறொன்று. இணைப்பு, பிணைப்பு இரண்டும் ஓரெழுத்து வித்தியாசம். சிறு திரையில் கண் ஏமாறும், திரைவாசிப்பான் வழியே கேட்பவருக்கும் குழப்பம் வரலாம். கனெக்ஷனைத் 'தொடர்பு' என்று மாற்றிப் பார்த்தேன். கைபேசியின் புளூடூத் திரையில் 'தொடர்புகளைப் பகிர்' (காண்டாக்ட்ஸ் பகிர்வு) என்றொரு தேர்வு ஏற்கெனவே இருக்கிறது, அங்கே இன்னும் மோசமாக இடிக்கும். எனவே இணைப்பு இருக்கட்டும். நிலையைச் சொல்லும்போது மட்டும் 'இணைந்தது' என்பதை விட்டு 'இணைப்பில் உள்ளது', 'இணைப்பில் இல்லை' என்று எழுதினால் செவிக்கும் வேறுபாடு தெரியும்.

உதவிக்குறிப்பின் நான்காம் படியை இப்படி மாற்றப் பரிந்துரைக்கிறேன்:

"பிணைந்த சாதனங்கள் பட்டியலில் சுட்டியைத் தேர்ந்து, பிணைப்பை நீக்கவும். சுட்டியின் அடியில் உள்ள புளூடூத் பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்திப் பிடித்து, மீண்டும் பிணைக்கவும். பிணைந்த பிறகும் 'இணைப்பில் இல்லை' என்று காட்டினால் சுட்டியின் மின்கலத்தைச் சோதிக்கவும்."

ரிசீவருக்கு 'ஏற்பி', 'அலைவாங்கி' இரண்டும் வந்திருக்கின்றன. அது சுட்டிக்குப் பதிலும் அனுப்புகிற கருவி, வெறுமனே வாங்குவது அல்ல. எனவே இப்போதைக்கு ரிசீவர் என்றே விட்டுவிட்டுத் தனி இழையில் பேசலாம். பிணைத்தலுக்கு மாற்று வைத்திருப்பவர்கள் மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் அதைப் பொருத்தி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்