எதிர்த்துகளா, முரண்துகளா?

ஒரு துகளின் அதே நிறையோடு, மின்னூட்டம் போன்ற பண்புகள் மட்டும் தலைகீழாக உள்ள மறுபாதியை ஆங்கிலத்தில் antiparticle என்கிறார்கள்; அத்தகைய துகள்களால் ஆனது antimatter. இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், எதிர்த்துகள், எதிர்ப்பொருள் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 'எதிர்' என்ற சொல்லுக்கு இயற்பியலில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. எதிர்மின்னூட்டம் என்கிறோம், எலக்ட்ரானையே எதிர்மின்னி என்று எழுதுபவர்கள் உண்டு. எலக்ட்ரானின் மறுபாதியான பாசிட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் அதை முகிற்கலத்தில் (துகள்கள் செல்லும் தடத்தைக் காட்டும் கருவி, cloud chamber) கண்டார். நிறை எலக்ட்ரானுடையதுதான், காந்தப்புலத்தில் தடம் மட்டும் மறுபக்கம் வளைந்தது. நேர்மின்னூட்டம் கொண்ட அதை 'எதிர் எதிர்மின்னி' என்றா சொல்வது? (ஈழத்து வழக்கில் எதிர்மின்னூட்டத்தை மறையேற்றம் என்பதால் அங்கே இந்த மோதல் இல்லை.)

நியூட்ரானுக்கு வந்தால் இன்னும் சிக்கல். அதற்கு மின்னூட்டமே கிடையாது. ஆனாலும் அதற்கும் ஒரு மறுபாதி உண்டு, 1956இல் கண்டுபிடித்தார்கள். உள்ளிருக்கும் குவார்க்குகள் என்னும் மூன்று நுண்துகள்களின் மின்னூட்டங்கள் தலைகீழாகியிருக்கும். கூட்டினால் அங்கும் சுழிதான். 'எதிர்நியூட்ரான்' என்று படிக்கும் மாணவர் எதிர்மின்னூட்டம் பெற்ற நியூட்ரான் என்றுதானே நினைப்பார்?

சரி, வேறு என்ன? மறுதலை நல்ல சொல். ஆனால் தேற்றத்தின் மறுதலை என்று கணிதத்தில் வேரூன்றிவிட்டது. மாற்றுத்துகள் என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்றாகிவிடும்.

நான் முன்வைப்பது 'முரண்'. செய்யுளில் முரண்தொடை என்கிறோமே, இருளும் ஒளியும் போல மாறுபட்ட இரண்டு சேர்ந்து நின்றால்தான் அங்கே தொடை. எலக்ட்ரானும் பாசிட்ரானும் அப்படித்தான். காமாக் கதிரின் ஆற்றலிலிருந்து பிறக்கும்போது சோடியாகவே பிறக்கின்றன. சந்தித்தால் இரண்டும் மறைந்து, பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் புறப்படும். மருத்துவமனையில் உடலுக்குள் படமெடுக்கும் பெட் ஸ்கேன் (PET) கருவி பிடிப்பது இந்தக் காமாக் கதிர்ச் சோடியைத்தான்.

முரண்புரோட்டான், முரண்நியூட்ரான், முரண்ஹைட்ரஜன். சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை. ஒளித்துகளான ஃபோட்டான் தனக்குத் தானே முரண்துகள் என்று எழுதும்போது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. 'எதிர்' போட்டாலும் அதே உறுத்தல்தான்.

புணர்ச்சி விதிப்படி 'முரண்டுகள்' ஆகிவிடும் என்பீர்கள். அது முரண்டு பிடிப்பதன் பன்மையாகக் காதில் விழும். முரண்தொடையை இன்று எழுதுவதுபோல் இதையும் புணர்த்தாமல் விடுவோம்.

antimatter விஷயத்தில் எனக்கே தீராதது ஒன்று: 'பொருள்' என்றால் அர்த்தம் என்றும் படுகிறது. முரண்பொருள் என்றாலும் அந்தக் குழப்பம் போகாது. அதனால் முரண்பருப்பொருள் என்று எழுதிவருகிறேன். நீளம்தான். பருப்பொருளுக்கு இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருக்கிறதா?