லாரி ஹாரன் கேட்டால் உறைந்துபோகும் உடம்பு: உங்களுக்கு எது கைகொடுத்தது?

விழுப்புரத்திலிருந்து:

போன ஆவணியில், திண்டிவனம் தாண்டி நான் வந்த பஸ்மீது லாரி மோதியது. எனக்குக் காறை எலும்பு முறிவோடு போயிற்று, அதுவும் மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் போதும், காய்கறிக் கடையில் நின்றாலும் கை சில்லிட்டுத் தொண்டை அடைத்துக்கொள்ளும். "அதான் ஒண்ணும் ஆகலையே, தைரியமா இரு" என்றார்கள் வீட்டில். எனக்கும் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பார்த்தால் இன்னும் மோசம். மூடியதுமே கண்ணாடி நொறுங்கும் சத்தம். அதைச் சொன்னதும் அந்த அம்மா, "அப்ப கண்ணைத் திறந்தே வெச்சுக்குங்க" என்றார். செருப்பைக் கழற்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைப் பார்க்கச் சொன்னார். கதவு, ஜன்னல், சுவரில் காலண்டர். காலண்டர் முருகனின் வேலில் என் கண் நின்றது. மொசைக் தரையின் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது.

பிறகு நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும், அதனால்தான் விடும் மூச்சு நீளம் என்றார். கொஞ்ச நேரத்தில் பெரிய கொட்டாவி வந்தது, கூடவே கண்ணீர். கூச்சமாக இருந்தது. "வரட்டும், அடக்காதீங்க" என்றார்.

இப்போதும் திடுக்கிடுகிறேன். ஆனால் ஒரு மணி நேரம் நீடித்த நடுக்கம் பத்து நிமிடத்தில் அடங்குகிறது. உங்களுக்கு எது உதவியது? சொல்லுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:

அண்ணா, 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஒன்பது வயது. சித்தியை அலை கொண்டுபோய்விட்டது. இன்றும் டிசம்பர் கடைசி வாரம் தூக்கம் வராது. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, தோளுக்குக் கீழே இடம் வலமாக மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்வேன். பட்டாம்பூச்சி அணைப்பு என்கிறார்கள். 1997இல் மெக்சிகோவின் அகாபுல்கோவைப் புயல் தாக்கிய பிறகு, அங்கே பிழைத்த பிள்ளைகளுக்காக உருவானதாம். எனக்கு அது ஆயா மடியில் போட்டுத் தட்டிய தட்டுதான். வேகமாகத் தட்டினால் படபடப்பு கூடும், தாலாட்டு வேகமே போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வெடிச் சத்தம் கேட்டால் அம்மா கட்டிலுக்குக் கீழே போய்விடுவா, போர்க்காலத்தில் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், ஓடிய பழக்கம். அந்நேரம் பேச்சுக் கொடுத்தால் காதில் ஏறாது. கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியிலும் கன்னத்திலும் வைப்பேன். முகத்தில் குளிர் பட்டால் இதயத் துடிப்பு குறையும். இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்தப் பொங்கலுக்கு ஊரெல்லாம் வெடி கொளுத்தியபோது, அம்மா முற்றத்துக்கு வந்து கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா.