எஃப்எம்பி தாள் கோஆர்டினேட்டும் டிஜிபிஎஸ் கோஆர்டினேட்டும்: எதை எதோட சேர்க்கோணும்?

பவானிக்கரை:

ஈரோடு பக்கம் 12 ஏக்கர்ல ஒரு மனைப்பிரிவு வரைபடம் போடோணுங்க. எஃப்எம்பி (சர்வே துறையோட புல அளவைப் படம்) பிடிஎஃப்பை ஆட்டோகேட்ல இம்போர்ட் பண்ணினா கல்லெல்லாம் 3.41, 6.87 மாதிரி சின்ன எண்ல வந்து உக்காருது. டிஜிபிஎஸ்ல (துல்லிய ஜிபிஎஸ் கருவி) எடுத்த எல்லைக் கல்லுங்க 796412.385, 1255087.640 மாதிரி வருது. ஒரே ஃபைல்ல திறந்தா ரெண்டும் ஆளுக்கொரு மூலைல கிடக்குது.

டிஜிபிஎஸ் புள்ளிகளைப் பூஜ்யத்துக்கு இழுத்து, ஏ3 தாளுக்கு வாகா திருப்பி வரையச் சொல்றாங்க. அது சரிங்களா? இன்னொண்ணு, லேஅவுட் டேப்ல மனை மூலையத் தொட்டு ஐடி கமாண்ட் (புள்ளியோட கோஆர்டினேட்டைக் காட்டறது) கொடுத்தா 187.52, 92.30ன்னு காட்டுது. முக்குக்கல் நட டோட்டல் ஸ்டேஷனுக்கு (கோணமும் தூரமும் அளக்கிற கருவி) எந்த எண்ணைக் கொடுக்கிறது?

நொய்யல் வரைவு:

கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன். 187.52, 92.30ங்கிறது தாளோட இடது கீழ் மூலைப் பக்கத்துல இருந்து எத்தனை மில்லிமீட்டர்ங்கிற கணக்கு. நிலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. வியூபோர்ட் (தாள்ல இருந்து நிலத்தைப் பாக்கிற ஜன்னல்) வழியா மனை மூலை தெரியும், ஸ்னாப்பும் பிடிக்கும், ஆனா நீங்க நிக்கிறது பேப்பர் ஸ்பேஸ்ல, அதாவது அச்சுத் தாள்ல. வியூபோர்ட்டுக்குள்ள டபுள் கிளிக் பண்ணி உள்ள போயி ஐடி கொடுத்தா நில எண் வரும். நிலத்தை வரையற மாடல் டேப்ல எடுக்கிறது இன்னும் பத்திரம். எடுக்கறதுக்கு முன்னால யூசிஎஸ் (எக்ஸ், ஒய் அச்சுகளோட அமைப்பு) வேர்ல்டுல இருக்குதான்னு பாருங்க. யூசிஎஸ் திரும்பியிருந்தா மாடல்ல எடுத்தாலும் ஐடி அந்தத் திரும்பின எண்ணைத்தான் காட்டும்.

நிலத்தைத் தாளுக்காகத் திருப்பாதீங்க. மாடல் ஸ்பேஸ்ல எல்லாம் சர்வே கோஆர்டினேட்ல, மீட்டர்ல, அசையாம இருக்கோணும். யூனிட்ஸ்ல மீட்டர் வைங்க (இன்சர்ட் யூனிட்ஸ் 6). தாளுக்கு வாகா வேணும்னா வியூபோர்ட்டுக்குள்ள போயி டிவியூ கமாண்டுல ட்விஸ்ட் கொடுங்க. பார்வை மட்டும் திரும்பும், கல் திரும்பாது. வடக்கு அம்புக்குறியும் அதே கோணத்துக்குத் திரும்போணும். அதை மறந்துட்டு நேரா நிக்க வெச்ச வரைபடம் நிறைய உலாவுது.

தாள் மி.மீ., மாடல் மீட்டர்னா ஸ்கேல் கணக்கு லேசு: 1:1000க்கு ஜூம்ல 1எக்ஸ்பி (மாடல்ல 1 மீட்டர், தாள்ல 1 மி.மீ.), 1:500க்கு 2எக்ஸ்பி, 1:2000க்கு 0.5எக்ஸ்பி. 12 ஏக்கர் ஏறக்குறைய சதுரமா இருந்தா ஒரு பக்கம் 220 மீட்டர், 1:1000ல 22 செ.மீ., ஏ3ல அடங்கும். ஸ்கேல் வெச்சதும் வியூபோர்ட்டை லாக் பண்ணுங்க, இல்லீன்னா மவுஸ் சக்கரம் ஒரு சுத்து சுத்தினாலே ஸ்கேல் போச்சு.

எஃப்எம்பிதான் டிஜிபிஎஸ் பக்கம் வரோணும். அலைன் கமாண்டுல எஃப்எம்பியோட ரெண்டு கல்லை டிஜிபிஎஸ்ஸோட அதே ரெண்டு கல்லுக்குக் காட்டுங்க. ஸ்கேல் பண்ணட்டுமான்னு கேட்டா எஸ் கொடுங்க, ஒரே அடியில மீட்டருக்கு வந்துரும்.

இட்டேரி:

முன்னால சொன்னதெல்லாம் சரிங்க, அந்தக் கடைசி எஸ் மட்டும் வேண்டாம். அங்கதான் தப்பு மறையுது. ஒரு கல்லை மாத்திப் பிடிச்சிருந்தாலோ, கல் ரெண்டு மீட்டர் நகர்ந்திருந்தாலோ, எஸ் கொடுத்ததும் மொத்த எஃப்எம்பியும் சத்தமில்லாம நீண்டு அந்தக் கல்லுல போய் உக்காந்துக்கும். பாக்க அழகா இருக்கும். பரப்புத்தான் பட்டாவோட ஒத்துப்போகாது.

யூனிட் மாத்தறதைத் தனியா செய்யுங்க. இம்போர்ட் பண்ணினதும் தாள் அகலத்தை அளந்து பாருங்க. ஏ4ல 8.27 வந்தா இன்ச், 210 வந்தா மி.மீ. இன்ச்சா இருந்து எஃப்எம்பி 1:1000ன்னா 25.4ஆல ஸ்கேல் பண்ணுங்க, 1:2000ன்னா 50.8. மி.மீ.ன்னா 1:1000க்கு 1, 1:2000க்கு 2. அப்புறம் ஜி லைன் (கல்லுக்குக் கல் போற அடிப்படை அளவுக் கோடு) ஒண்ணை அளந்து, அது மேல எழுதியிருக்கிற நீளத்தோட ஒப்பிடுங்க. 100 மீட்டருக்கு 96, 97 வந்தா அந்த பிடிஎஃப் எங்கியோ 'தாளுக்குப் பொருத்து'ன்னு பிரிண்ட் ஆகிச் சுருங்கினது. அதுல கோட்டை நம்பாதீங்க, எழுதியிருக்கிற ஜி லைன் நீளத்தையும் ஆஃப்செட்டையும் (அந்தக் கோட்டுல இருந்து செங்குத்தா எடுத்த தூரம்) வெச்சே மறுபடி வரைஞ்சுருங்க. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பா இருந்தாலும் அதே வழிதான், அது வெறும் படமாத்தான் வரும். பழைய எஃப்எம்பி அளவு லிங்க்ஸ்ல இருந்தா ஒரு லிங்க் 0.201168 மீட்டர்.

இதுக்கப்புறம் அலைன், ஸ்கேலுக்கு நோ. முதல் கல் அச்சா உக்காரும், ரெண்டாவது கல் திசையை மட்டும் கொடுக்கும். அதனால நிலத்துல ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தள்ளி இருக்கிற ரெண்டு கல்லை எடுங்க. மூணாவது, நாலாவது கல் எவ்வளவு விலகுதுன்னு அளந்து எழுதி வைங்க, அந்த விலகல்தான் எஃப்எம்பிக்கும் களத்துக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். கிளுவை வேலியையோ இட்டேரி (வேலிகளுக்கு நடுவுல போற தடம்) ஓரத்தையோ வெச்சுப் பொருத்தாதீங்க, வேலி எல்லைக் கோட்டுலயே நிக்கோணும்னு இல்லை. எஃப்எம்பி வடக்கு அம்பை வெச்சும் திருப்பாதீங்க. ஈரோட்டுல யூடிஎம் (உங்க டிஜிபிஎஸ் எண்ணுங்க இருக்கிற மீட்டர் கட்ட முறை) வடக்குக்கும் உண்மை வடக்குக்குமே 32 நிமிஷக் கோணம் வித்தியாசம், 100 மீட்டருக்கு 93 செ.மீ. தள்ளிப் போயிரும்.

பவானிக்கரை:

நோ கொடுத்துப் பாத்தேனுங்க. எதிர்க் கோடிக் கல், 300 மீட்டர் தூரம், 20 செ.மீ. பத்தலை. எஃப்எம்பி நீளமும் டோட்டல் ஸ்டேஷன் நீளமும் ஒண்ணாத்தான் இருக்குது. டிஜிபிஎஸ் மட்டும் கூடுதலாக் காட்டுது. மெஷின் கோளாறுங்களா?

நொய்யல் வரைவு:

கல்லும் சரி, மெஷினும் சரி. அது யூடிஎம் கிரிட் தூரம், உருண்டையான பூமியைத் தட்டையாக்கின கட்டத்துல வர்ற தூரம். 43வது மண்டலத்துக்கு மைய ரேகை 75 டிகிரி, ஈரோடு அதுக்குக் கிழக்கே ஏறக்குறைய 297 கி.மீ.ல, மண்டலத்தோட ஓரத்துல இருக்குது. மைய ரேகைல 0.9996ஆ இருக்கிற ஸ்கேல் ஃபேக்டர் அங்க 1.00068ஐ ஒட்டி வந்துரும். தரையில ஒரு கிலோமீட்டர், கிரிட்ல 68 செ.மீ. கூட. 300 மீட்டருக்கு 20 செ.மீ. உங்க கணக்கோட அப்படியே ஒத்துப்போகுது பாருங்க. கோயமுத்தூர்ல இது ரொம்பக் கம்மிதான், அங்க யாரும் பெருசா கவனிக்கிறதில்லை.

பரப்புல இது இரட்டிப்பாகும். ஏக்கருக்கு 60 சதுர அடியை ஒட்டி, 12 ஏக்கருக்கு 700 சதுர அடிக்கு மேல, ஒன்றரை செண்டுக்கும் கூட. பட்டாப் பரப்பு தரைப் பரப்பு. அதனால மனைப்பிரிவுக்குத் தரைத் தூரமே வேணும்.

ஒரு நல்ல கல்லை நிலையா வெச்சுக்கிட்டு, அதையே பேஸ் பாயிண்ட்டாக் கொடுத்து டிஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் 0.99932ஆல ஸ்கேல் பண்ணுங்க. அப்புறம் எல்லாத்தையும் சேத்து மூவ்ல 700000,1200000த்திலிருந்து 0,0க்கு நகர்த்துங்க. எண் 96 ஆயிரம், 55 ஆயிரம்னு சுருங்கும், ஹேட்சிங் சொதப்புற தொல்லையும் குறையும். அதைவிட முக்கியம், யாரும் இதை யூடிஎம்னு நினைச்சு கூகுள் எர்த்துல ஏத்திர மாட்டாங்க. நிலையா வெச்ச கல், 0.99932, கழிச்ச எண் மூணையும் வரைபடத்துலயே எழுதுங்க. எழுதலைன்னா அடுத்து ஃபைலைத் திறக்கிறவங்க திரும்பப் போக வழியே இல்லை. கேள்வியில இருந்த 'பூஜ்யத்துக்கு இழுக்கிறது' இதுல இருந்து வேறைங்க. அது கண்ணளவுல இழுக்கிறது.

அப்படிச் செஞ்சா டோட்டல் ஸ்டேஷன்ல ஸ்கேல் ஃபேக்டர் 1.000000. யூடிஎம்லயே வேலை செய்யறதா இருந்தா 1.00068. ரெண்டையும் சேத்துப் போட்டா பிழை மறுபடி வந்துரும்.

இட்டேரி:

புள்ளிக் கோப்பை ஏத்தறப்ப வரிசையையும் பாருங்க. நிறைய மென்பொருள் எண், வடக்கு, கிழக்குன்னு எதிர்பாக்கும். ஆட்டோகேட்ல எக்ஸ் கிழக்கு, ஒய் வடக்கு. மாறிப்போனா நிலம் கண்ணாடியில பாக்கிற மாதிரி புரண்டு விழும். நம்ம பக்கம் ஆறு இலக்கம் கிழக்கு, ஏழு இலக்கம் வடக்கு.

கொடுமுடி தாண்டிப் போற வேலைன்னா இன்னொண்ணு. 78 டிகிரி கோடு கொடுமுடிக்கும் கரூருக்கும் நடுவுல போகுது. கரூர், நாமக்கல் 44வது மண்டலம். கரூர்ல டிஜிபிஎஸ் 44ல எடுத்தா கிழக்கு எண் 1,80,000ஐ ஒட்டி வரும், அதே இடம் 43ல 8 லட்சத்துக்கு மேல. அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிலம் இருந்தா முதல்லயே ஒரு மண்டலத்தை முடிவு பண்ணி, டிஜிபிஎஸ் ப்ராசஸிங்கையே அதுல பண்ணச் சொல்லுங்க. அதுக்கான ஸ்கேல் ஃபேக்டரைத் தனியாக் கணக்குப் போடோணும், ஈரோட்டு எண் அங்க ஆகாது.