புதுப்பிப்பு: புளியரைப் பக்கம் ஓட்ட பழைய ஸ்கூட்டர் வாங்கியாச்சு

தமிழக-கேரள எல்லையில், தோட்டத்து மண் பாதைக்கும் ஆரியங்காவு ஏற்றத்துக்கும் பழைய வண்டியாக ஹோண்டா ஆக்டிவா சரிப்படுமா, டிவிஎஸ் ஜூபிட்டரா என்று கேட்டிருந்தேன் இல்லையா, ஜூபிட்டரே வாங்கிவிட்டேன். முக்கியக் காரணம் சக்கரம். இதில் முன்னும் பின்னும் 12 அங்குலம், முன்னால் டெலஸ்கோபிக் சஸ்பென்ஷன் (குழாய்க்குள் குழாய் நகர்ந்து அதிர்ச்சியைத் தாங்குவது); 6ஜி மாடலுக்கு முந்தைய ஆக்டிவாவில் இரண்டுமே 10 அங்குலம்தான், குழியில் இறங்கினால் தோள் வரைக்கும் அடிக்கும்.

புனலூரில் ஒன்று விலை குறைவாகவே வந்தது. ஆனால் கேரளப் பதிவு என்றால் அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே தமிழ்நாட்டில் வரி கட்டி, நம்பரும் மாற்ற வேண்டும். அந்த அலைச்சலே வேண்டாம் என்று தென்காசி வண்டியாக எடுத்தேன், 29, 30 படிவங்களோடு பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தாச்சு.

வாங்கப் போகிறவர்கள் ஃபுட்போர்டுக்கு அடியில் கட்டாயம் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்துச் சாரலில் மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) துருப்பிடித்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும்; அப்படி ஒரு வண்டியைப் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம், பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்து ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள், கிளம்பும்போது உதறினால் பெரும்பாலும் கிளட்ச் அல்லது பெல்ட் தேய்மானம். என் வண்டியும் லேசாக உதறியது, அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன், பெல்ட்டும் ரோலரும் மாற்றியதும் சரியாகிவிட்டது. பின் டயரை மட்டும் ஜூன் மழைக்கு முன்னால் மாற்றணும்.